அனுமதி கொடுப்பவர் யார்?

சோப்புக் கட்டி ஒன்றின் உறையையோ தேயிலைப் பொட்டலம் ஒன்றையோ கையில் எடுத்து, அதன் பின்புறத்தைப் பொறுமையாகப் படித்துப் பார்க்கும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? முன்புறத்தில் தங்கக் காசு, மோட்டார் சைக்கிள், குடும்பத்தோடு வெளிநாட்டுப் பயணம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பின்புறத்திலே, கண்ணாடி அணிந்தவர்களும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில், இச்சலுகை தமிழ்நாட்டில் செல்லாது என்று ஒரு வரி கிடக்கும். தொலைக்காட்சியிலும் அப்படியே. பரிசுப் பட்டியலை நிறுத்தி நிதானமாகச் சொல்லுகிறவர்கள், கடைசியில் இந்த ஒரு வரியை மட்டும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். தமிழர்களுக்கு மட்டும் பரிசு கொடுக்க இவர்களுக்கு மனமில்லையா என்று கோபித்துக்கொண்ட நண்பர்கள் நமக்கு உண்டு.

அந்தக் கோபம் நிறுவனத்தார்மீது செல்ல வேண்டியதன்று. 1979ஆம் ஆண்டில் நம் மாநிலம் பரிசுத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவர்களுள் யாரோ ஒருவருக்கோ சிலருக்கோ, சீட்டுக் குலுக்கியோ அதுபோன்ற வேறு முறையிலோ தேர்ந்தெடுத்துப் பணமாகவோ பொருளாகவோ பரிசு தருவதாகச் சொல்லும் திட்டம் எதுவாயினும், அதற்கு எந்தப் பெயர் சூட்டியிருந்தாலும், அது இச்சட்டத்தின் பிடிக்குள் வரும். பம்பாயில் செல்லும், கொச்சியில் செல்லும், தமிழ்நாட்டில் செல்லாது என்பதன் காரணம் இதுதான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உறையின் பின்புறத்தில் இது நமக்குச் சொல்லப்பட்டே வந்திருக்கிறது. ஆயினும் அந்த வரியைப் படித்தவர்கள்கூட, அது பெரிய கம்பெனிகளுக்கான செய்தி என்றே எண்ணுகிறார்கள். தெருமுனைக் கடைக்காரருக்கும் அதே சட்டம்தான் என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

இதனை இன்று எழுத நேர்ந்ததற்கு நம் ஊரே காரணம். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே உள்ளது ஊரப்பாக்கம். ஒரு காலத்தில் செங்கற்பட்டு மின்வண்டியில் போகிறவர்கள் சன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகும் ஊராக இருந்தது. பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30ஆம் நாள் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டதற்குப் பிறகு, ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கும் கடைகள் முளைத்தவண்ணம் இருக்கின்றன. வாடகையும் கூடவே வளர்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறிய நம் சமுதாயக் குடும்பங்கள் பல. வண்டலூர்க் கல்லூரியில் பிள்ளைகளைப் படிக்க வைக்க வந்தவர்கள் உண்டு. நகரத்தின் உள்ளே வீடு பிடிக்க இயலாமல் வந்தவர்களும் உண்டு.

அப்படி வந்த குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறார். அபாயா, தொழுகை விரிப்பு, அத்தர், பேரீச்சம்பழம் ஆகியவைதாம் சரக்கு. சுறுசுறுப்பானவர், கணக்கில் நேர்மையானவர். நம்மை மாமா என்று அழைப்பார். ரமளானுக்கு முன்னதாக வியாபாரத்தைப் பெருக்க ஒரு திட்டம் தீட்டினார். ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்கள் இன்ஸ்டாகிராமில் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கடையின் பக்கத்தைப் பின்தொடர வேண்டும். மூன்று தோழிகளின் பெயரைக் குறிக்க வேண்டும். இருபத்தேழாம் இரவுக்குப் பிறகு குலுக்கல். பரிசு, ஒருவருக்கு உம்ரா பயணம்.

பயண ஏற்பாட்டாளரிடம் முன்பணமும் கட்டிவிட்டார். சமையற்குறிப்புப் படங்கள் வெளியிட்டுப் பல்லாயிரம் பேரைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சகோதரி, இரண்டு அபாயாக்களைப் பெற்றுக்கொண்டு விளம்பரம் செய்யவும் இசைந்துவிட்டார். ஒரே ஒரு கேள்விதான் மீதி. அதைக் கேட்கத்தான் அவர் நம்மிடம் வந்தார்.

"மாமா, இதற்கு அனுமதி வாங்க வேண்டுமாம். முகநூல் அனுமதி, சர்க்கார் அனுமதி இரண்டையும் வாங்கித் தருவதாக விளம்பர முகவர் ஒருவர் சொல்லுகிறார். பதினெட்டாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

பதினெட்டாயிரம் என்பது அவர் கடையின் ஒரு மாத வாடகைக்குச் சற்றே குறைவு. செங்கற்பட்டு நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கும் நம் பழைய நண்பர் ஒருவரை அழைத்துக் கேட்டோம். அவர் சொன்ன முதல் வாக்கியமே நம்மைச் சிந்திக்க வைத்தது. "இல்லாத கதவுக்குத் திறவுகோல் விற்கிறார்கள்" என்றார் அவர்.

ஏன் அவ்வாறு சொன்னார் என்பதை விளக்க, நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். குலுக்கல் நடத்துவது வேறு, அதை விளம்பரம் செய்வது வேறு. விளம்பரத்தில் என்ன குற்றம் இருக்க முடியும் என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. ஆனால் 1870ஆம் ஆண்டிலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அனுமதி பெறாத லாட்டரிக்கு இடம் வைத்து நடத்துகிறவருக்கு ஒரு தண்டனை. அத்தகைய குலுக்கலில் பணமோ பொருளோ தருவதாக அறிவிப்பு வெளியிடுகிறவருக்கு வேறொரு தண்டனை. வெளியிடுவதே குற்றம் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்துவிட்டார்கள். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 297ஆம் பிரிவாக அப்படியே தொடர்கிறது. அறிவிப்பு வெளியிடுகிறவருக்கான அபராத வரம்பு மட்டும் ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

பத்திரிகைகளிலே குறுக்கெழுத்துப் போட்டி கொடிகட்டிப் பறந்த காலம் ஒன்று இருந்தது. சுதந்திரம் கிடைத்த புதிதில் நாடெங்கும் அந்த மயக்கம். நுழைவுக் கட்டணம் சில அணாக்கள், பரிசோ பல்லாயிரம். போட்டியை அமைத்தவர் தம் பெட்டிக்குள் முன்கூட்டியே பூட்டி வைத்த விடையோடு நம் விடை ஒத்துப்போனால் பரிசு. இரண்டு சொற்கள் சம அளவில் பொருந்தும் கட்டத்தில் எந்தச் சொல்லை அவர் எழுதி வைத்திருக்கிறார் என்பதை அறிவினால் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. அறிவுப் போட்டி என்ற போர்வைக்குள் இருந்தது அதிர்ஷ்டம்தான்.

அந்நாளில் பெங்களூரிலிருந்து ஸ்போர்ட்டிங் ஸ்டார் என்றொரு வார ஏடு வெளிவந்தது. ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்து என்ற போட்டி அதில் இடம் பெற்றது. ஏடு அச்சாவது மைசூர் இராஜ்ஜியத்தில். வாங்குகிறவர்களும் கட்டணம் கட்டுகிறவர்களும் பம்பாய் இராஜ்ஜியத்திலும் ஏராளமாக இருந்தார்கள். பம்பாய் அரசு தன் சட்டத்தை இப்போட்டியின்மீது செலுத்தியது. நாங்கள் உங்கள் எல்லைக்கு வெளியே அல்லவா இருக்கிறோம் என்றார்கள் போட்டி நடத்தியவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1957இல் முடிந்தது. தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் எழுதிய அத்தீர்ப்பு, இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஏடு பம்பாயில் பரவுகிறது, படிவம் அங்கே நிரப்பப்படுகிறது, பணம் அங்கே வசூலாகிறது. ஆகவே பம்பாய்ச் சட்டம் அதைத் தொடும் என்பது ஒரு முடிவு. சூதாட்டம் என்பது வணிகம் ஆகாது, வணிகம் செய்யும் அடிப்படை உரிமை அதற்குக் கிடையாது என்பது மற்றொரு முடிவு. அதற்குச் சான்றாக ரிக் வேதத்தில் சூதாடி புலம்பும் பாடலையும் மகாபாரதத்தையும் நீதிபதி எடுத்துக் காட்டினார். நம் வள்ளுவரும் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியவர் அல்லவா?

அன்று இராஜ்ஜிய எல்லையைத் தாண்டியது காகிதம். இன்று தாண்டுவது கைப்பேசித் திரை. எந்த ஊரில் அச்சிட்டாய் என்று சட்டம் கேட்கவில்லை, யாருடைய பணத்தை எதிர்பார்த்தாய் என்றே கேட்டது.

அதற்கு முன்னரே, 1955இல், பரிசுப் போட்டிகளுக்கென்று நடுவண் சட்டம் ஒன்று வந்தது. சென்னை உள்ளிட்ட சில மாநிலங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் நாடாளுமன்றம் இயற்றியது அது. எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ கூட்டி அமைக்கும் போட்டிகளில், ஒரு மாதத்துப் பரிசுகளின் மொத்த மதிப்பு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. அந்த ஆயிரத்துக்கு உட்பட்டதற்கும் உரிமம் வேண்டும். நுழைவுகள் இரண்டாயிரத்துக்கு மேற்படக் கூடாது. திறமையால் வெல்லும் போட்டிகளை இச்சட்டம் தொடாது, அதிர்ஷ்டத்தால் வெல்லுவனவற்றை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1957இலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டிவிட்டது. அந்தப் பிரிவினைதான் இன்றளவும் எல்லா வழக்குகளுக்கும் அச்சாணி.

வழக்கறிஞர் நண்பர் இதை நமக்குச் சுருக்கமாகச் சொன்னார். பரிசு, அதிர்ஷ்டம், பங்கேற்பவர் கொடுக்கும் விலை ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால் அது லாட்டரி. மூன்றில் ஒன்றை உருவிவிட்டால் அது வேறு பொருளாகிவிடும். நம் தம்பியின் திட்டத்தில் மூன்றும் இருந்தன. உம்ரா பயணம் பரிசு, குலுக்கல் அதிர்ஷ்டம், ஆயிரம் ரூபாய்க் கொள்முதல் விலை. இதற்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பது தடை. தடை செய்யப்பட்ட ஒன்றுக்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து எந்த அதிகாரியின் கையொப்பத்தைப் பெறுவது? முகவர் பெற்றுத் தருவதாகச் சொன்ன "சர்க்கார் அனுமதி" எங்கிருந்து வரும் என்பதை அவரிடமே கேட்கச் சொன்னோம். தம்பி கேட்டார். "அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்" என்று பதில் வந்ததாம். இந்த நாட்டில் இவ்வளவு பயன்படும் வாக்கியம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

சரி, சமூக ஊடகத்தாரின் அனுமதி என்பது என்ன? அதில் பொய் இல்லை. அப்படி ஒன்று உண்டு. பணம் கட்டி விளையாடிப் பண மதிப்புள்ள பரிசு பெறும் ஆட்டங்களை விளம்பரம் செய்ய வேண்டுமானால், முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். கூகுள் நிறுவனமும் இவ்வகை விளம்பரங்களுக்குச் சான்றளிப்பு முறை வைத்திருக்கிறது. விளம்பரம் சென்று சேரும் நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டதாக அது இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஆக, அவர்களும் கடைசியில் நம்மைச் சட்டத்தின் வாசலுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். சுவருக்குச் சொந்தக்காரர் ஒட்டிக்கொள் என்று சொல்லிவிட்டதனால், சுவரொட்டியில் எழுதியிருப்பது சரியானது என்று ஆகிவிடுமா? அவர் தம் சுவரைப் பற்றி மட்டுமே பேசுகிறார்.

கட்டணமும் கொள்முதலும் இல்லாத சாதாரணப் போட்டிக்கு அவர்களுடைய முன் அனுமதி தேவையில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. போட்டியின் விதிகளையும், யார் கலந்துகொள்ளலாம் என்பதையும் வெளியிட வேண்டும். இப்போட்டிக்கும் முகநூலுக்கும் சம்பந்தம் இல்லை என்று தெளிவாக எழுத வேண்டும். இன்னொன்று நம்மவர்களில் பலர் அறியாதது: உங்கள் பக்கத்தில் பகிருங்கள், நண்பர்களின் பெயரைக் குறியுங்கள், அப்போதுதான் போட்டியில் சேர்த்துக்கொள்ளுவோம் என்று நிபந்தனை வைப்பதை முகநூலின் விதிகள் ஏற்பதில்லை. இதைத் தம்பியிடம் படித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். "நான் பார்த்த போட்டிகள் எல்லாமே அப்படித்தானே மாமா நடக்கின்றன!" என்றார். நடக்கின்றனதாம். தலைக்கவசம் இல்லாமல் ஜி.எஸ்.டி. சாலையில் எத்தனையோ பேர் போகிறார்கள்.

இந்த நிபந்தனைகளெல்லாம் ஏன் இவ்வளவு இறுகிப்போயின என்பதற்குத் தமிழ்நாடு பட்ட அடிகளே சாட்சி. 1968இல் அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகள் நடந்தது. தெருவுக்குத் தெரு சீட்டுக் கடை. கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கிய அத்தாக்கள். வீட்டில் உலை வைக்காமல் காத்திருந்த அம்மாக்கள். 2003 ஜனவரியில்தான் எல்லாப் பரிசுச்சீட்டுக்கும் இம்மாநிலத்தில் தடை வந்தது. சீட்டுக் கடைகள் மறைந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே சூது கைப்பேசிக்குள் ரம்மியாக வந்து உட்கார்ந்துகொண்டது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் நாளேடுகளில் அடுத்தடுத்து வந்தன. 2020இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் செல்லாது என்றது. பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு. 2022 அக்டோபரில் அவசரச் சட்டம். ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா மறுபடியும் சட்டமன்றத்தில் நிறைவேறி 2023 ஏப்ரலில் சட்டமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றின் மீதான தடையை விலக்கியது. சட்டத்தின் ஏனைய பகுதியை நிலைநிறுத்தியது.

அச்சட்டத்தில் நம் கண்ணில் பட்டது விளம்பரம் பற்றிய பிரிவு. இணையவழிச் சூதாட்டத்துக்கு நேராகவோ மறைமுகமாகவோ ஆள் சேர்க்கும் விளம்பரத்தை எந்த ஊடகத்தில் வெளியிட்டாலும் ஓராண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆடுகிறவருக்கு மூன்று மாதம் வரைதான். விளம்பரம் செய்கிறவருக்கு அதைப்போல நான்கு மடங்கு. இதில் நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நடுவண் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பணம் வைத்தாடும் இணைய ஆட்டம் திறமையால் ஆனதா அதிர்ஷ்டத்தால் ஆனதா என்ற வேறுபாட்டையே அது பார்ப்பதில்லை. அதை விளம்பரம் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, ஐம்பது இலட்சம் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறார்கள். கிரிக்கெட் வீரர்களும் நடிகர்களும் சிரித்த முகத்தோடு வந்து நின்ற அந்த விளம்பரங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அபாயா பெற்றுக்கொண்டு பேச இசைந்த சகோதரிக்கும் ஒரு செய்தி உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022இல் வந்த வழிகாட்டு நெறிகளும், 2023 ஜனவரியில் அரசு வெளியிட்ட விளக்கக் குறிப்பும், பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் புகழ்கிறவர் அதை மறைக்கக் கூடாது என்கின்றன. விளம்பரம் என்ற சொல் பார்க்கிறவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பொய் விளம்பரம் என்று தெரிந்தால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இதைக் கேட்ட அந்தச் சகோதரி அபாயாக்களைத் திருப்பி அனுப்பவில்லை. விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். கெட்டிக்காரர்.

தம்பிக்கு மனம் ஆறவில்லை. "என் நோக்கம் உம்ராதானே மாமா? யாரோ ஓர் ஏழை போய்வரட்டுமே. இதைப் போய் ரம்மியோடு சேர்க்கலாமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கு நம் மார்க்கத்தின் பழைய வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அறியாமைக் காலத்து அரபிகள் மைசிர் என்ற ஒன்றை ஆடினார்கள். ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, அம்புகளை உருவிப் பார்த்து, எவர் அம்பு வெறும் அம்போ அவர் விலை முழுவதையும் ஏற்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியைத் தாங்கள் உண்பதில்லை, ஏழைகளுக்கே கொடுத்துவிட்டுப் பெருமை பேசிக்கொள்வார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதாவது, பஞ்ச காலத்தில் ஏழைக்குச் சோறு போட்ட சூது அது. அல்பகரா அத்தியாயம் அதில் மக்களுக்குப் பயனும் உண்டு என்று ஒப்புக்கொண்டே, பாவம் பயனைவிடப் பெரிது என்கிறது. அல்மாயிதா அத்தியாயத்தில் அது முற்றாக விலக்கப்பட்டது. நல்ல காரியத்துக்காக என்ற சமாதானத்தை அன்றே கேட்டு முடித்துவிட்டார்கள்.

அதே வேளையில் பரிசு என்பதே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குதிரைப் பந்தயத்தில் ஆட்சியாளரோ மூன்றாம் மனிதரோ தம் கைப்பணத்திலிருந்து வென்றவருக்குப் பரிசு கொடுப்பதை அறிஞர்கள் ஏற்றார்கள். ஓடுகிறவர்களே ஆளுக்கொரு பணம் வைத்து வென்றவர் அள்ளிக்கொள்வதை மறுத்தார்கள். கடைக்காரர் வழக்கமான விலைக்கே விற்று, தம் இலாபத்திலிருந்து குலுக்கல் பரிசு கொடுத்தால் கூடுமா என்பதில் இக்காலத்து ஆலிம்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. விலையைக் கூட்டாமலும், தேவைக்காகவே ஒருவர் வாங்கியும் இருந்தால் கூடும் என்கிறார்கள் சிலர். வாங்குகிறவர் எண்ணத்தை யார் அளப்பது என்று மறுக்கிறார்கள் மற்றவர்கள். எண்ணத்தை அளக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் சில சமயம் அது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

முன்பொரு ரமளானில் வேறோர் ஊரில் இதே போன்ற உம்ராக் குலுக்கல் நடந்தது. நம் உறவில் ஒரு பெண்மணி, தையல் வேலை செய்து வயிறு வளர்ப்பவர், மூன்று முறை போய் மூன்று அபாயா வாங்கினார். ஒன்று அவருக்கு, மற்ற இரண்டும் எவருக்கும் இல்லை, இன்றும் அலமாரியில் உறை பிரிக்காமல் கிடக்கின்றன. அவர் வாங்கியது துணியையன்று, கஅபாவைக் காணும் ஒரு வாய்ப்பை. பெருநாள் கழிந்தது, முடிவு வரவில்லை. கேட்டால், ஒருவர் போய்விட்டார் என்றார்கள். யார் என்று சொல்லவில்லை. அவர் சண்டை போடவில்லை. "நமக்கு நஸீப் இல்லை" என்று சொல்லிக்கொண்டார். ஒரு கடைக்காரரின் ஒழுங்கீனத்தை இறைவனின் நாட்டமாக ஏற்றுக்கொண்டு அவர் அமைதி அடைந்ததுதான் நமக்குப் பொறுக்கவில்லை. பரிசுத் திட்டத்தில் கலந்துகொண்டவர்களுக்கு அதன் முடிவைத் தெரிவிக்காமல் மறைப்பது முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எந்தப் பத்திரிகையில் அறிவித்தார்களோ அதிலேயே உரிய காலத்துக்குள் முடிவையும் எடுப்பாக வெளியிட்டால்தான் தெரிவித்ததாகக் கொள்ளலாம். இது அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. அந்தக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

இந்தக் கதையைக் கேட்ட பிறகு தம்பி குலுக்கலைப் பற்றிப் பேசவில்லை. பதினெட்டாயிரமும் மிஞ்சியது. பயண ஏற்பாட்டாளரிடம் கட்டிய முன்பணம் வீணாகிவிடுமே என்பதுதான் அவர் கவலை. அதற்கு அவருடைய உம்மா வழி கண்டுபிடித்தார்கள். மீதிப் பணத்தை இரண்டு மகன்களும் பகிர்ந்து கட்டினால் தாமே போய்வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆனாலும் கடைக்கு ஒரு போட்டி வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மூன்றில் இரண்டை உருவிவிடுவோம் என்றோம். கொள்முதல் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்ட கதையைத் தமிழில் ஒரு பக்கம் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். முதற்பரிசு மிதிவண்டி, அடுத்த இரண்டுக்கும் புத்தகங்கள். நடுவர்கள் மூவர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், நம் பள்ளிவாசலைச் சேர்ந்த ஆலிம் ஒருவர், பிறகு நாம்.

விதிகளை எழுத இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. எதையும் வாங்க வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, கதைக்கும் மொழிக்கும் கையெழுத்துக்கும் எத்தனை மதிப்பெண், கடைசி நாள் எது, முடிவு எந்த நாளில் அதே பக்கத்தில் வரும், கடைக்காரரின் உறவுப் பிள்ளைகளுக்கு இடமில்லை, முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இதில் தொடர்பில்லை என்று எல்லாவற்றையும் எழுதினோம். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது என்று வழக்கறிஞர் நினைவூட்டினார், அதையும் சேர்த்தோம். பரிசு பெற எவருக்கும் ஒரு காசும் அனுப்ப வேண்டாம், அப்படிக் கேட்டுக் கைப்பேசியில் அழைப்பு வந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள் என்ற வரியைத் தமிழாசிரியர் வற்புறுத்திச் சேர்த்தார். சென்னை மாகாணத்துச் சூதாட்டச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டும் அதே 1930 என்பது வெறும் தற்செயல். ஆயினும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள நமக்கு உதவுகிறது.

இந்த விதிகள் அத்தனையும் பொடி எழுத்தில் போடக் கூடாது என்று தம்பியே சொன்னார். விளம்பரத்துக்கு ஊடகத்தார் கேட்ட கட்டணம் மூவாயிரத்துக்குள் முடிந்தது. விற்பனை கூடியதா என்றால், கூடியது என்று சொல்ல முடியாது. உம்ராக் குலுக்கல் வைத்திருந்தால் வந்திருக்கும் கூட்டத்தில் கால் பங்குகூட வரவில்லை என்றே அவர் கணக்குச் சொல்லுகிறார். கதை எழுதிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டிமார்கள் சிலர் கடைக்கு வந்து பேரீச்சம்பழம் வாங்கிப் போனார்களாம்.

அறுபத்து மூன்று கதைகள் வந்திருக்கின்றன. நான்கைந்தைப் பிள்ளைகள் எழுதியிருக்கவே முடியாது. அத்தாவோ, அதைவிடச் சாமர்த்தியமான கணிப்பொறியோ எழுதித் தர, பிள்ளை பார்த்து எழுதியிருக்கிறது. அவற்றைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறோம். கூடுவாஞ்சேரிச் சிறுவன் ஒருவன், தன் பாட்டனார் சென்னைக்கு வந்த முதல் நாளில் மின்வண்டியின் எதிர்த் திசையில் ஏறிச் செங்கற்பட்டுக்குப் போய்விட்டதை எழுதியிருக்கிறான். ஒற்றுப்பிழை மலிந்த கதை. ஆலிமுக்கு அதுவே முதற்பரிசுக்கு உரியது. தமிழாசிரியர் இசையவில்லை. முடிவு வெளியாக வேண்டிய நாள் வரும் வெள்ளிக்கிழமை. மூன்றாம் பரிசை இருவருக்குப் பிரித்துக் கொடுக்கலாமா என்று தம்பி நேற்று வந்து கேட்டார். விதியில் அப்படி எழுதவில்லையே என்றார் ஆசிரியர். இன்று இஷாவுக்குப் பிறகு மறுபடியும் கூடுகிறோம்.